ஜலஜாவைக் கொன்றவர்

அந்தப் படத்தைப் போட்டவள் ஜலஜாதான். பிற்பாடு மகன் அனிருத் கேட்டபோதெல்லாம் "அது ஏதோ தானா ஓடித்துடா" என்று மழுப்பினாள். ஆனால் ரிமோட்டை எடுத்து, தமிழ் டப்பிங் இருக்கிறதா என்று பார்த்து, காலில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான்.

கொரியப் படம் பார்க்கும் பழக்கம் பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் சிநேகிதி புஷ்பவல்லியால் வந்தது. "மத்தியானமெல்லாம் சுவரைப் பாத்துண்டா உக்காந்திருக்கே? கொரியன் போட்டுப் பாருடி. மாமியார், நாத்தனார் எல்லாம் அப்படியே நம்மாத்து மனுஷா மாதிரி இருப்பா" என்று போனில் சொன்னாள். மாமியார் வரும் தொடர்களை எல்லாம் பார்த்துத் தீர்த்துவிட்டு ஜலஜா மெல்லக் கொலைகாரர்கள் வரும் படங்களுக்கு நகர்ந்திருந்தாள். அவர்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு ஊரான பார்சிப்பனியில் ஜனவரி மாதத்து மத்தியானம் சீக்கிரம் தீராது. வெளியே பனி மூடி எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். உள்ளே ஹீட்டர் ஓடும் சத்தமும், மாடிக்கும் கீழுக்குமாகச் சுந்தரராமன் நடக்கும் சத்தமும்தான்.

சுந்தரராமன் அவள் கணவர். ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிக்கல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருப்பெயரை மறந்தார். போன தீபாவளிக்குப் பிறகு ஒரு காலையில், காபி கொண்டுவந்து வைத்தவளை நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ், மாமி" என்றார். அன்றிலிருந்து ஜலஜா அவருக்கு மாமி. சமைத்துப் போட யாரோ ஏற்பாடு செய்து வந்திருக்கும் ஒரு மாமி. சில நாள் காலையில் தெளிந்து "ஜலஜா, மெயில் வந்துதா?" என்று கேட்பார். அவள் ஓடிவந்து முகத்தைப் பார்ப்பதற்குள் அந்தத் தெளிவு போய்விடும். டாக்டர் சொன்ன விளக்கம் இதுதான்: அவர் ஞாபகத்தில் இருக்கும் மனைவிக்கு முப்பது வயது. நரைத்த தலையோடு நிற்கும் உங்களை அவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்?

வீட்டுக்குள் அவருக்கு ஒரே வேலைதான் மிச்சம் இருந்தது. வாசல் கதவு, பின்பக்கக் கதவு, கராஜ் கதவு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து உட்காருவார். உடனே சந்தேகம் வந்து மறுபடி கிளம்புவார்.

அன்றைக்கு மட்டும் சோபாவில் வந்து உட்கார்ந்தார். படத்தில் ஒரு கிழவன். கடலோர ஊரில் படகு ஓட்டுகிறவன். இளவயதில் சிலரைக் கொன்று கடலில் போட்டவன், பிடிபடாமலே கிழவனானவன். இப்போது அவனுக்கு மறதி. ஊரில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அவளைக் கொன்றது தானா, வேறு யாராவதா என்று அவனுக்கே தெரியவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சுந்தரராமன் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படம் பார்ப்பது ஜலஜாவுக்குப் பிடித்திருந்தது. நடுவில் எழுந்துபோய் முறுக்குகூட எடுத்து வந்தாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவனுக்கே தெரியாதா?"

"எது?"

"தான் பண்ணினது."

"தெரியாதாம். மறந்துடுத்தாம்" என்றாள் ஜலஜா, முறுக்கை அவர் கையில் கொடுத்து.

*

மறுநாள் காலை கறிகாய் நறுக்கக் கத்தியைத் தேடினாள். இல்லை. சின்னக் கத்தி, பிரெட் வெட்டும் கத்தி, தேங்காய் கீறும் கத்தி, எதுவும் இல்லை. மேஜை டிராயரில் ஸ்பூன்களும் கரண்டிகளும் ஒழுங்காக இருந்தன. பேரக்குழந்தைகள் வந்தபோது விட்டுப்போன பிளாஸ்டிக் கத்திரிக்கோலால் பீன்ஸை வெட்டிச் சமாளித்தாள். சாயங்காலம் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் இழுத்துப்போகும்போதுதான் பார்த்தாள். பழைய துண்டு ஒன்றில் சுற்றி, டேப் ஒட்டி, எல்லாக் கத்திகளும் குப்பைக்கு மேலாக இருந்தன.

உள்ளே வந்து கேட்டாள்.

"இதை நீங்களா போட்டேள்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாமி, நீங்க இந்தாத்துல தனியா இருக்கறது சேஃப் இல்லை. உங்களுக்கு யாராவது பசங்க இருந்தா அவா கூடப் போயிடுங்கோ."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நான் நல்லவன் இல்லை மாமி." வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "என் ஆத்துக்காரியை நான்தான் கொன்னுட்டேன்."

ஜலஜாவுக்குச் சிரிப்புதான் வந்தது. துண்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள். "ஏன்னா, இங்க பாருங்கோ. நான்தான் ஜலஜா. நேத்து பாத்தோமே, அது சினிமா."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க நல்லவா. அதான் இப்படிச் சொல்றேள்."

ஆல்பத்தை எடுத்துவந்து காட்டினாள். திருச்சியில் நடந்த கல்யாணம். மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணின் முகத்தில் விரலை வைத்து, "இவதான். இவளைத்தான்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். குழந்தை அழுவதைப் போல இல்லை, சத்தமே வராத அழுகை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் ஜலஜாவுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஆல்பத்தை மூடினாள்.

மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். காலையில் தின்ற இட்லியை மத்தியானம் மறக்கிறவர். ஆனால் இது மட்டும் மறக்கவில்லை. மனைவி எங்கே என்ற கேள்விக்கு அவருக்குள் பல நாளாகப் பதில் இல்லாமல் ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. அந்தக் கிழவன் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டான்.

*

அந்த வாரக் கடைசிக்குள் போலீஸ் வந்தது.

ஜலஜா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மணி அடித்தது. திறந்தால் இரண்டு பேர் சீருடையில் நின்றார்கள். ஒருவர் நடுவயது ஆண், இன்னொருவர் இளம்பெண். தெருவில் விளக்கு சுழலும் கார் நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

"இந்த வீட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தது" என்றாள் அந்தப் பெண், ஆங்கிலத்தில். "ஒருவர் தன் மனைவியைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார்."

கையில் மடித்த துண்டோடு ஜலஜா நின்றாள். "அந்த மனைவி நான்தான்" என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் சுந்தரராமன் படியிறங்கி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, ஆபீசுக்குக் கட்டும் டை. தலைகூட வாரியிருந்தார். கைகளை முன்னால் நீட்டி, சுத்தமான ஆங்கிலத்தில், "நான்தான் கூப்பிட்டேன். இந்த அம்மாள் சமையலுக்கு வந்தவர். இவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார்.

அவரை ஹாலில் உட்காரவைத்து அந்த ஆண் பேசினார். ஜலஜாவைச் சமையலறைக்கு அழைத்துப்போய் அந்தப் பெண் பேசினாள். நிதானமான பெண். டிரைவிங் லைசென்சைக் கேட்டாள். பெயரையும் போட்டோவையும் பார்த்தாள். டாக்டரின் பெயரை எழுதிக்கொண்டாள். எல்லா அறைகளையும் ஒருமுறை பார்க்கவேண்டும், தவறாக நினைக்காதீர்கள் என்றாள். பேஸ்மென்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அங்கே பழைய சூட்கேஸ்களும் கொலுப்படியும்தான் இருந்தன.

ஹாலில் சுந்தரராமனின் குரல் கேட்டது. எங்கே போட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "தண்ணீரில்" என்றார். "எந்தத் தண்ணீர் என்று தெரியவில்லை. படகு இருந்தது."

கிளம்பும்போது அந்த இளம்பெண் வாசலில் தயங்கினாள். "என் தாத்தாவுக்கும் இருந்தது" என்றாள். "உங்களுக்கு உதவிக்கு யாராவது இருக்கிறார்களா?"

"மகன் இருக்கான்" என்றாள் ஜலஜா.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விமானத்தில் ஆறு மணி நேரத் தொலைவு என்று சொல்லியிருக்க வேண்டும்.

சன்னிவேலிலிருந்து அனிருத் அன்றே பேசினான். "போலீஸா? அம்மா, ஆர் யூ சீரியஸ்? அந்த மாதிரி மூவி எல்லாம் ஏன் போடற? டிவில லாக் போட்டுடு."

"இனிமே போடலைடா."

"அப்பா மாதிரி மறதி இருக்கறவாளைப் பாத்துக்கற மெமரி கேர் ப்ளேஸ் சொன்னேனே, என்ன ஆச்சு? ஜஸ்ட் ஒரு டூர் போய்ப் பாரும்மா. யூ கான்ட் டூ திஸ் அலோன்."

"பாக்கலாம்" என்றாள். அவன் பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. மீட்டிங் இருக்கிறது, சனிக்கிழமை கூப்பிடுகிறேன் என்றான். வைத்துவிட்டு அவள் திரும்பியபோது சுந்தரராமன் டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அழைச்சுண்டு போகலையே மாமி" என்றார். ரயிலைத் தவறவிட்டவர் முகம். "யாருமே நம்ப மாட்டேங்கறா."

*

அவள் காபி கலந்து எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"எப்படி இருப்பா உங்காத்து மாமி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பயந்தா பாடுவா" என்றார்.

"என்னது?"

"கார்ல பாலத்து மேல போறச்சே அவளுக்குப் பயம். வெளில சொல்ல மாட்டா. மெதுவா ஏதாவது முணுமுணுத்துண்டே வருவா. பாலம் முடிஞ்சதும் பாட்டும் நின்னுடும். அவ பாடட்டுமேன்னு நான் கொஞ்சம் ஸ்லோவா போவேன்."

ஜலஜா டம்ளரைக் கீழே வைத்தாள். பாலத்தில் தான் பாடியது அவளுக்கே தெரியாது. அவர் மெதுவாகப் போவார் என்பது மட்டும் தெரியும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். இவள் "கொஞ்சம் வேகமாத்தான் போங்கோளேன்" என்று சிடுசிடுப்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அதிகம் பேசாதவர். ரசத்தில் உப்பு, மெயில் வந்துதா, ஹீட்டரை ஏன் ஏத்தி வச்சிருக்கே. இவ்வளவுதான் அவர் பேச்சு. அன்பில்லாதவர் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் சொல்லிக் கேட்டதும் இல்லை. சொல்லாமலே முடிந்துவிடும் என்று என்றைக்கோ சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. தினம் மத்தியானம் காபியோடு அவர் எதிரில் உட்காருவாள். "உங்காத்து மாமியைப் பத்திச் சொல்லுங்கோ" என்பாள். அவர் சொல்வார். ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்வார், நடுவில் புதிதாக ஒன்று வரும். கடைசி தோசையை நின்றுகொண்டே தின்பாள் என்றார். அனிருத் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து, "நீங்க சாப்ட்டேளா?" என்றுதான் முதலில் கேட்டாள் என்றார்.

முதல் பனி விழுந்த கதையையும் சொன்னார். கல்யாணமாகி வந்த வருஷம். அவள் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையப் பனியை வாரி ஃப்ரீசரில் வைத்தாள். வெயில் காலத்தில் அப்பா வரும்போது காட்டவேண்டுமாம். இடையில் ஒருநாள் கரண்ட் போய் எல்லாம் தண்ணீராகிவிட்டது. அவள் பார்ப்பதற்குள் அவர் அதைக் கொட்டிவிட்டு, கரண்ட் வந்தபின் ஃப்ரீசர் சுவரில் மறுபடி படிந்த ஐஸைச் சுரண்டிச் சுரண்டி டம்ளரை நிரப்பினார்.

"அவ அப்பா வந்து அதைத் தொட்டுப் பாத்து, 'ஸ்னோவா இது!'ன்னு ஆச்சரியப்பட்டார். அவ மூஞ்சியைப் பாக்கணுமே மாமி. நான் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை."

அப்பா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தது ஜலஜாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சமையலறைக்கு எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் "நான்தான் ஜலஜா" என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள். சொன்னால் அவர் குழம்புவார், பேச்சு நின்றுவிடும். செத்துப்போனவளாக இருந்தால்தான் அவளைப் பற்றிக் கேட்க முடிந்தது. மத்தியானத்துக்குக் காலையிலிருந்தே காத்திருந்தாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். இது சரியில்லை என்று தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கதையும் முடியும்போது அவர் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பார். "அப்படிப்பட்டவளை எதுக்கு மாமி கொன்னேன்? எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே அவ." அந்த இடம் வந்ததும் அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

புஷ்பவல்லி போனில், "குரல் தெளிவா இருக்கேடி, என்ன விசேஷம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் ஜலஜா.

*

அவர் சாப்பாட்டில் பாதியை ஒதுக்க ஆரம்பித்ததை அவள் கவனித்தாள். நெய் வேண்டாம் என்றார். கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் படுத்தார். கேட்டால், "எனக்கென்ன மாமி, இது போதும்" என்பார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாளைக்கு டாக்டரிடம் சொல்லலாம் என்று நினைப்பாள். மத்தியானம் வந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு காலை. குளித்துவிட்டு வந்தவள் வீடு சில்லென்றிருப்பதை உணர்ந்தாள். பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. வெளியே மரத்தளத்தில், வெறும் பனியனும் வேட்டியுமாக, வெறுங்காலோடு, உறைந்த இரும்புக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு சுந்தரராமன் நின்றிருந்தார். பனி கணுக்காலை மூடியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஐயோ, உள்ள வாங்கோ!" கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

"அவா அழைச்சுண்டு போகலைன்னா நானேதான் அனுபவிக்கணும்" என்றார். பல் கிட்டிப்போய் வார்த்தை குழறியது. "ஜெயில்ல ஹீட்டர் கிடையாது மாமி."

எப்படி உள்ளே கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கம்பளியைச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, காரில் ஏற்றி அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். கால்விரல்கள் தப்பின. கைவிரல் நுனிகள் மட்டும் வெளுத்துப் புண்ணாகியிருந்தன. டாக்டர் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, "ஏன் வெளியே போனார்? ஏதாவது மனக்கஷ்டம் இருந்ததா?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றாள் ஜலஜா.

திரும்பும் வழியில் சிக்னல் பச்சையாகியும் வண்டியை எடுக்காமல் நின்றாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பக்கத்து சீட்டில் அவர் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்து, அந்தக் கிழவனைப் போலவே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் தினமும் காபியோடு உட்கார்ந்து கேட்ட கதைகளுக்கு அவர் இப்படி விலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்று மத்தியானம் அவள் கதை கேட்கவில்லை. "நீங்க யாரையும் கொல்லலை. உங்காத்து மாமி உசிரோட இருக்கா" என்று மட்டும் விடாமல் சொன்னாள். "பாத்தேளா நீங்க?" என்று கேட்டார். "பாத்தேன்." "அப்ப எங்க அவ?" அவள் அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

*

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். மறுநாள் கராஜில் இருந்த அரிசிப் பையை எடுக்கப் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் வீட்டுக்குள் போகும் கதவு பூட்டியிருந்தது. சுந்தரராமன் சுற்றிவந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். தட்டினாள். கூப்பிட்டாள். அவர் மாடியில் இருந்திருப்பார். குளிர் எலும்பில் ஏறியது. சல்வார் பாக்கெட்டில் செல்போன் இருந்தது. சமையலறையில் இருக்கும் வீட்டுப் போனுக்கு அடித்தாள். அது அடித்தால் எடுக்கவேண்டும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

நெடுநேரம் அடித்தபின், "ஹலோ" என்றார்.

"ஏன்னா, நான்தான் பேசறேன். கொஞ்சம் அந்தக் கதவை..."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஜலஜா?"

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. முகம்தான் கிழடுதட்டிப்போயிருக்கிறது. குரலை அவருக்குத் தெரிகிறது.

"ஜலஜா, நீயா? எங்கேர்ந்து பேசறே?"

கராஜில் இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வந்து கதவைத் திறப்பார். திறந்தால் மாமி நிற்பாள். அரிசிப் பையைக் கீழே வைத்தாள்.

"சன்னிவேல்லேர்ந்து" என்றாள். "அனிருத் ஆத்துல இருக்கேன்."

"நீ... உசிரோட இருக்கியா?"

"இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை."

"நான் உன்னை என்னமோ பண்ணிட்டேன்னு..."

"நீங்க ஒண்ணும் பண்ணலை. யாரையும் ஒண்ணும் பண்ணலை. நான் குழந்தைகளைப் பாத்துக்க வந்திருக்கேன். அவ்வளவுதான்."

அவர் அழுவது கேட்டது. இந்தமுறை சத்தம்போட்டு அழுதார். அவள் காரில் சாய்ந்து நின்று, அவர் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எப்போ வரே?" என்றார் கடைசியில்.

"ஸ்னோ நின்னதும் வரேன். நீங்க நன்னா சாப்பிடணும். கட்டில்ல படுத்துக்கணும். சரியா?"

"சரி."

"அப்புறம், அந்தச் சமையல் மாமி கராஜ்ல மாட்டிண்டிருக்காளோ என்னமோ, கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ."

காலடிச் சத்தம் வேகமாக வந்தது. கதவு திறந்தது. கன்னமெல்லாம் ஈரமாக, சிரித்துக்கொண்டு சுந்தரராமன் நின்றார். "மாமி! என் ஆத்துக்காரி போன் பண்ணினா! சன்னிவேல்ல இருக்காளாம்! உசிரோட இருக்கா!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஜலஜா. அரிசிப் பையை அவரே குனிந்து, கட்டுப்போட்ட கைகளால் தூக்கப் பார்த்தார். இருவருமாகப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள்.

அதிலிருந்து தினம் ஒருமுறை அவள் அவருக்குப் போன் செய்கிறாள். காபி கொடுத்துவிட்டு, "குப்பை போட்டுட்டு வரேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வாள். நாலைந்து நாளில் கொலை விஷயம் அவர் மனதிலிருந்து அடியோடு போயிற்று. நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கட்டிலில் படுத்தார். அனிருத் வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நியூ மெடிசினா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

கதைகளும் நின்றுபோயின. ஒருநாள் ஆசையை அடக்க முடியாமல், "உங்காத்து மாமியைப் பத்திச் சொல்லுங்கோளேன்" என்று கேட்டுப் பார்த்தாள். "அவளா? சன்னிவேல் போயிருக்கா, வந்துடுவா" என்று சொல்லிவிட்டு அவர் கதவுகளைப் பார்க்கக் கிளம்பினார். உயிரோடு இருக்கிறவளைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. போனிலும் பழைய சுந்தரராமன்தான். அங்கே குளிரா, அனிருத் ஆபீஸ் போய்ட்டானா, மெயில் ஏதாவது வந்துதா. அவள் காரில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள், வைக்கப்போகும் நேரத்தில், "ஜலஜா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"சொல்லுங்கோ."

"இங்க ஒரு மாமி இருக்கா, சமையலுக்கு. ரொம்ப நல்லவா. ரசம் உன் கை மாதிரி வரலை, ஆனா பரவாயில்லை." குரலைத் தாழ்த்தினார். "பாவம், யாருமே இல்லை போலருக்கு அவாளுக்கு. ஒருத்தரும் வந்து பாத்து நான் பாக்கலை. சில சமயம் குழாயைத் திறந்துவிட்டுண்டு அழறா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

ஜலஜா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வந்ததும் அவாளைப் போகச் சொல்லிடாதே. இங்கயே இருக்கட்டும். மாடில ரூம் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும்" என்றாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரி. வச்சுடறேன். அவா குப்பை போடப் போயிருக்கா. வெளில குளிர்றது, இன்னும் காணும்."

போன் வைக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கராஜ் கதவு திறந்து, சுந்தரராமன் தன்னுடைய மஃப்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் எட்டிப்பார்த்தார். "மாமி? அங்க இருக்கேளா?" என்று கூப்பிட்டார்.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஜலஜா காரை விட்டு இறங்கினாள்.